நன்றியுரை: திருமதி எஸ்தர்

கட்சியில் மகளிர் அணி என்பது கல்யாண வீட்டில் சாம்பார் வாளி தூக்குகிறவர் மாதிரி. எல்லாப் பந்திக்கும் அவர் வேண்டும், ஆனால் எந்தப் பந்தியிலும் அவருக்கு இலை போட மாட்டார்கள்.

நீங்களும் ஏதாவது ஒரு கட்சியின் மகளிர் அணியில் ஒரு வருஷமாவது குப்பை கொட்டியிருந்தால், இதைப் படிக்கும்போதே உங்களுக்குக் கழுத்து வலிக்கும். மேடையைப் பக்கவாட்டிலிருந்து எட்டி எட்டிப் பார்த்த வலி அது. எந்தக் கட்சி என்று நானும் கேட்க மாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள். வலி எல்லாக் கட்சிக்கும் ஒன்றுதான். எங்களுடையது டில்லியில் தலைமை உள்ள கட்சி, அவ்வளவு தெரிந்தால் போதும்.

பஸ் கேட்டுப் போனேன்

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவில், ஹைவேயை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. நான் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் லைன் சூப்பர்வைசர். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி எனக்குக் குரல் கொஞ்சம் பெரிசு. ஊருக்குள் வந்துகொண்டிருந்த டவுன் பஸ்ஸை ஒருநாள் நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகள் தவித்துப்போனார்கள். "நீ போய்க் கேளு, உன் குரலுக்குத்தான் பயப்படுவாங்க" என்று தெருப் பெண்கள் என்னைக் கட்சி ஆபீசுக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஒன்றியச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். அவரை எல்லோரும் 'ஒன்றியம்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் பஸ் நின்றுபோன கதையை ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "குரல் நல்லா கீதே" என்றார். மகளிர் அணிக்கு ஒரு ஆள் பிடிக்கச் சொல்லி அன்று காலைதான் மாவட்டத்திலிருந்து போன் வந்திருக்கிறது. எனக்குக் கொடுத்த டீ ஆறுவதற்குள் ஒரு சால்வையைப் போர்த்தி, போட்டோ எடுத்து, ஒன்றிய மகளிர் அணி அமைப்பாளர் ஆக்கிவிட்டார்கள். "அண்ணே, பஸ்சு?" என்றேன். "பொறுப்புல இருக்கறவங்க கேட்டா தன்னால வரும்மா" என்றார்.

பஸ் அப்புறம் வந்தது, பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் ஹைவேயில் போய் உட்கார்ந்ததால். நான் அன்று சால்வையோடு வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் தேவராஜ் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி ஆபீசில் வேலை செய்கிறார், அதிகம் பேச மாட்டார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பஸ்ஸு கேட்டுப் போனவளுக்குப் பதவி குடுத்து அனுப்பிக்கிறாங்க. நல்லவேளை, நீ ஆஸ்பத்திரி கேட்டுப் போவல."

ஆலம் சுத்தியது

நான் பொறுப்புக்கு வந்த பிறகு எனக்குக் கொடுத்த முதல் அரசியல் பணி, பாராளுமன்ற வேட்பாளருக்கு ஆரத்தி எடுப்பது. எனக்குத் துணையாக நியமிக்கப்பட்டவர் ஆம்பூர் நகர மகளிர் அணியின் ஷமீம் பாஜி. உருதுவில் அக்காவை பாஜி என்பார்கள், எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் பாஜிதான். எங்கள் வீட்டுக் கல்யாணங்களிலும் ஆரத்தி உண்டு, ஆலம் சுத்துவது என்போம். ஆனால் அதெல்லாம் என் நாத்தனார் டிபார்ட்மென்ட். பாஜி வீட்டில் அந்தப் பழக்கமே இல்லை. ஆக, ஒரு வேதக்காரியும் ஒரு துலுக்கச்சியும் தாம்பாளத்தைச் சுற்றி நின்றுகொண்டு, மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு எவ்வளவு போடுவது என்று ஆராய்ச்சி செய்தோம். கலர் வர வேண்டுமே என்று பாஜி தாராளமாகப் போட்டார். வந்தது பாருங்கள் ஒரு சிவப்பு, டேனரிச் சாயத்தொட்டி தோற்றுப்போகும்.

வேட்பாளர் ஜீப்பிலிருந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையவில்லை. நான் தாம்பாளத்தை இடமாகச் சுற்றுவதா வலமாகச் சுற்றுவதா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், பின்னால் யாரோ சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். நான் துள்ளினேன். தாம்பாளமும் துள்ளியது. சிவப்பு அத்தனையும் அந்த வெள்ளைச் சட்டையில். ஒன்றியம் என்னைப் பார்த்த பார்வையில் சால்வையைத் திருப்பிக் கேட்டுவிடுவார் போலிருந்தது. வேட்பாளர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: "ஏம்மா, நான் இன்னும் வேட்புமனுவே குடுக்கல. அதுக்குள்ள ரத்தக்காயமா?"

நெற்றியில் ஓட்டை

பொதுக்கூட்டத்துக்கு ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். நான் கேட்ட முதல் கேள்வி, "என் போட்டோ இருக்குதா?" இருந்தது. தேசியத் தலைவர்கள் மேலே, மாநிலம் நடுவில், மாவட்டம் அதற்குக் கீழே, ஒன்றியம் மட்டும் ஆளுயரத்தில் கைகூப்பிக்கொண்டு. நான் வலது கோடி மூலையில், தீப்பெட்டி சைஸில். பரவாயில்லை, இருக்கிறேனே என்று தேவராஜையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். கயிறு கட்டுவதற்காக ஃப்ளெக்ஸின் நாலு மூலையிலும் ஓட்டை போட்டு இரும்பு வளையம் அடிப்பார்கள் அல்லவா? வலது மூலை ஓட்டை சரியாக என் நெற்றியில். அதில் கயிறு மாட்டி என்னைத்தான் மின்கம்பத்தோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். என் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். நேராக ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "அக்கா, மூலைன்னா ஓட்டை வரத்தான் வரும். ஓட்டை வேணாம்னா நீங்க நடுவுல வரணும், அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்?"

நன்றியுரை

அழைப்பிதழில் என் பெயர் எப்போதும் ஒரே இடத்தில்தான் வரும். கடைசி வரி, 'நன்றியுரை: திருமதி எஸ்தர்'. ஒரு தடவை ஆம்பூரில் கல்யாண மண்டபம் எடுத்துப் பெண்கள் மாநாடு நடத்தினார்கள். தலைப்பே 'அரசியலில் மகளிர் பங்கு'. பேசினவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். இந்த ஒருமுறையாவது நன்றியோடு நாலு வார்த்தை சேர்த்துப் பேசிவிட வேண்டும் என்று நான் தயாராகப் போயிருந்தேன். பெண்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறீர்கள், கமிட்டிக்கு ஏன் கூப்பிடுவதில்லை என்று கேட்பதாகத் திட்டம். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஜன்னலைப் பார்த்து முணுமுணுத்துப் பழகியிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரி நான் ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்து அமைதியாக இருந்தாள்.

மைக் என் கைக்கு வந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. நான் "அனைவருக்கும் வணக்கம்" என்றேன். அதே நேரத்தில் பின்பக்கம் பிரியாணி தேக்சாவின் மூடியைத் திறந்துவிட்டார்கள். ஆம்பூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்த வாசனைக்கு முன்னால் எந்தப் பேச்சாளராலும் நிற்க முடியாது. முதலில் பின்வரிசை எழுந்தது, அப்புறம் நடுவரிசை, அப்புறம் மேடையே எழுந்தது. ஒன்றியம் என் காதருகில், "சுருக்கமா முடிச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஷமீம் பாஜி மட்டும் முன்னால் உட்கார்ந்திருந்தார், அவரும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான்.

நானும் விடவில்லை, காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசினேன். உணர்ச்சிவசப்பட்டுக் கையை ஆட்டியபோதுதான் பக்கத்தில் மைக்செட்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. பேச்சு நின்றுபோனது. அவர் நிமிர்ந்து பார்த்தார், பாவம், நல்ல மனுஷன். "பேசுங்கக்கா, பேசுங்க. உங்களுக்காக இந்த ஒரு ஸ்பீக்கர் பாக்ஸை மட்டும் கழட்டாம வெச்சிக்கிறேன்."

டில்லியில் நக்கோ

டில்லியில் கட்சியின் அகில இந்திய மகளிர் மாநாடு நடந்தது. எங்கள் மாவட்டத்திலிருந்து நானும் ஷமீம் பாஜியும் போனோம். ஏன் எங்களை அனுப்பினார்கள் என்று கேட்காதீர்கள், மற்றவர்கள் வீட்டில் விடவில்லை. எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. பாஜிக்கு எங்கள் பக்கத்து உருது தெரியும், அதுவே இந்தி என்று நாங்கள் இரண்டு பேருமே நம்பிக்கொண்டு போனோம். அங்கே போனால், பாஜி டீக்காரரிடம் "சக்கர நக்கோ" என்று சொன்னதற்கு அவர் காமெடி நடிகையைப் பார்ப்பதுபோல் பார்த்துச் சிரிக்கிறார். 'வேண்டாம்' என்பதற்கு எங்கள் ஊர் உருதுவில் நக்கோ. டில்லியில் அது ஒரு வேடிக்கை வார்த்தையாம்.

இரண்டாம் நாள் ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஒருவர் கேள்வி கேட்கலாம் என்றார்கள். தமிழ்நாட்டுப் பிரதிநிதிகள் என்னைத் தள்ளிவிட்டார்கள், குரல் பெரிசு என்று. மேடையில் தேசியத் தலைவர்கள். பாஜி மொழிபெயர்க்க, நான் தமிழில் ரொம்பப் பணிவாகச் சொன்னேன்: "எங்க பக்கம் சட்டமன்றத் தேர்தல்ல பெண்களுக்கும் சீட்டு குடுத்தா நல்லா இருக்கும்னு தாழ்மையோட கேட்டுக்கறேன்." பாஜி மைக்கை வாங்கினார். என்ன சொன்னாரோ தெரியாது, அதில் ஒரு நக்கோ மட்டும் என் காதில் விழுந்தது. மண்டபமே எழுந்து கைதட்டியது. பஞ்சாப்பிலிருந்து வந்த ஓர் அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். போட்டோக்காரர்கள் மொய்த்தார்கள். நானும் ஆவேசமாகக் கையை உயர்த்திக் காட்டினேன். மேடையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இவ்வளவு பணிவான கோரிக்கைக்கு இத்தனை கைதட்டலா என்று எனக்குச் சந்தேகம். ரயில் ஏறின பிறகு பாஜியை விடாமல் பிடித்துக்கொண்டேன். முதலில் வெற்றிலை போடுவதுபோல் பாவனை பண்ணினார். அப்புறம் சொன்னார்: "நீ சொன்னதைத்தான் சொன்னேன் எஸ்தரு. 'குடுத்தா நல்லா இருக்கும்'னு உருதுல சொன்னா பிச்ச கேக்கற மாரி இருக்கும். அதான், 'வாக்குறுதி நக்கோ, சீட்டு எப்ப குடுப்பீங்க'ன்னு கொஞ்சம் மாத்திட்டேன்."

கல்யாண லீவு

டில்லிக்குப் போக நான் கம்பெனியில் கேட்டது சித்தப்பா மகள் கல்யாணத்துக்கான லீவு. திரும்பி வந்த அன்றே எச்.ஆர். மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். சென்னையிலிருந்து வந்த இளைஞர், யாரையும் அதட்ட மாட்டார், அதனாலேயே எங்களுக்கு அவரிடம் பயம் ஜாஸ்தி. கதவைச் சாத்திவிட்டு, "கல்யாணம் எப்படி நடந்துச்சு மேடம்?" என்றார். "நல்லபடியா நடந்துச்சு சார்" என்றேன். அவர் தன் போனைத் திருப்பி என் முன்னால் வைத்தார். டில்லி மண்டபத்தில் நான் கையை முறுக்கி உயர்த்திக்கொண்டு நிற்கிறேன். யாரோ அதற்குப் பின்னணி இசை வேறு சேர்த்திருந்தார்கள்.

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மகளின் படிப்பு, பாதி கட்டின வீடு எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. கட்சியில் யார் எனக்காக வந்து பேசுவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன், ஒரு முகம்கூட வரவில்லை. அதுதான் வேலை போவதைவிடப் பயமாக இருந்தது. மேனேஜர் போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். கம்பெனி கேட்டுக்கு வெளியே நடப்பது உங்கள் இஷ்டம், கேட்டுக்கு உள்ளே அரசியல் வரக்கூடாது, இனி பொய் சொல்லி லீவு எடுக்கக்கூடாது என்று மூன்று விஷயம் சொன்னார். மூன்றுக்கும் தலையாட்டிவிட்டு எழுந்தேன். கதவருகே போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது: "வீடியோ நல்லா இருக்கு மேடம். பொண்ணு மாப்பிள்ளைதான் கடைசி வரைக்கும் வரவே இல்ல."

நேர்காணல்

டில்லி கைதட்டல் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. சட்டமன்றத் தேர்தலுக்கு விருப்ப மனு கொடுத்துவிட்டேன். ஒன்றியம் சிரித்தார், பாஜி துவா செய்தார், தேவராஜ் சட்டைக்கு இஸ்திரி போட்டார். நேர்காணலுக்குச் சென்னையில் உள்ள கட்சித் தலைமையகத்துக்குக் கூப்பிட்டார்கள். போனால் அங்கே திருவிழா. ஒவ்வொருத்தரும் வேன் வேனாக ஆள் கொண்டுவந்திருக்கிறார்கள். மேளம் வேறு. எனக்குப் பின்னால் பாஜியும் தேவராஜும். தேவராஜ் கையில் தயிர்சாதப் பை.

உள்ளே நீளமான மேசை. வரிசையாக ஆண்கள், கடைசியில் வயதான ஓர் அம்மையார், கட்சியில் ரொம்ப காலமாக இருப்பவர். முதல் கேள்வி, "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" இரண்டாவது, "அவருக்குச் சம்மதமா?" மூன்றாவது, "பிள்ளைகளை யார் பார்த்துப்பாங்க?" கம்பெனிப் பெண்களின் பிரச்சினை, மேம்பாலம், பாலாற்றில் கலக்கும் கழிவு என்று நான் படித்துக்கொண்டு போனது எதையும் யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஒருவர், "உங்க பின்னாடி எவ்வளவு பேர் நிப்பாங்க?" என்றார். லீவுக்கு வந்த பொய் அங்கேயும் வந்திருந்தால் ஒரு பெரிய எண்ணைச் சொல்லியிருப்பேன். எனக்கு வாயில் வந்தது உண்மை: "எங்க பக்கத்துக் கம்பெனிப் பொம்பளைங்க அத்தனை பேரும் நிப்பாங்க சார். ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும்தான். மத்த நாள் டூட்டி இருக்குது."

மேசை முழுக்கச் சிரித்தது. ஒருவருக்குப் புரையேறித் தண்ணீர் குடித்தார். என் முகம் என்ன நிறமாகியிருக்கும் என்று எனக்கே தெரிந்தது. கடைசியில் இருந்த அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "சிரிச்சு முடிச்சிட்டீங்களா? பொம்பளைங்களுக்குத் தோதா ஞாயித்துக்கிழமை மட்டும் நடக்கற கட்சின்னு ஒண்ணு இருந்திருந்தா, நானும் என்னைக்கோ மந்திரி ஆயிருப்பேன்."

வாய் தவறியது

சீட்டு எனக்கு வரவில்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருப்பவர் ஒருவருக்குப் போனது. அவர் கட்சியில் சேர்ந்தது அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான். செய்தி வந்த அன்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் வீணாகிறதே என்று தோன்றவே, குழாயை மூடிவிட்டு, அழுகையையும் சேர்த்து நிறுத்திக்கொண்டேன். மறுநாள் பிரச்சார ஜீப்பில் மைக் பிடிக்க நான்தான் வேண்டும் என்றார்கள். போகாவிட்டால் சீட்டு கிடைக்காத கோபம் என்பார்களே என்று போனேன்.

ஒரு சிக்கல் இருந்தது. சீட்டு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பல வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று, 'உங்கள் வீட்டுப் பெண், உங்கள் சகோதரி எஸ்தர்' என்று எனக்கு நானே ஓட்டுக் கேட்டுப் பழகியிருந்தேன். மாதனூர் பக்கம் ஒரு தெருவில் ஜீப் நுழைந்தது. வாசல் வாசலாகப் பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். வேட்பாளர் என் பக்கத்தில் கைகூப்பி நிற்கிறார். நான் உச்சஸ்தாயியில் எடுத்தேன்: "தாய்மார்களே! உங்கள் வாக்குகளை உங்கள் வீட்டுப் பெண், உங்கள் சகோதரி எஸ்தர் அவர்களுக்கு..."

ஜீப் டிரைவர் பிரேக் போட்டுவிட்டார். வேட்பாளர் கூப்பிய கையைப் பிரிக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தார். மைக்கை வாயிலிருந்து எடுக்கவும் மறந்து, நான் "ஐயோ ஏசுவே" என்றதுகூட ஸ்பீக்கரில் தெருக்கோடி வரை கேட்டது. பீடி சுற்றிய கைகள் எல்லாம் நின்றன. முதலில் ஒருத்தி சிரித்தாள், அப்புறம் தெருவே சிரித்தது. வாசலில் உட்கார்ந்திருந்த நடுவயதுப் பெண் ஒருத்தி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஜீப்புக்குக் கிட்டே வந்தாள். "இப்பதாம்மா நீ கரெக்டா சொன்ன. இன்னொரு தபா சொல்லு, அந்தக் கடைசி வூட்டுக்குக் கேக்கல."

பத்மாவதி

அந்தத் தேர்தலில் எங்கள் வேட்பாளர் தோற்றார். மகளிர் அணி சரியாக வேலை செய்யவில்லை என்று முடிவு செய்தார்கள். அடுத்து உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் ஒன்றியக் கவுன்சிலர் வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. இந்த முறை என்னை விட்டால் யார் என்று, எச்.ஆர். மேனேஜரிடம் உண்மையைச் சொல்லி லீவுகூடக் கேட்டு வைத்திருந்தேன். ஒன்றியம் கூப்பிட்டனுப்பினார். "பத்மாவதியை நிறுத்தறோம்மா. நீதான் அவளுக்கு மேடைப் பேச்சு, கட்சிக் கொள்கை எல்லாம் கத்துக் குடுக்கணும்" என்றார். பத்மாவதி அவருடைய மனைவி. ஒரு கூட்டத்துக்கும் வந்தவர் இல்லை.

வயிற்றெரிச்சலோடு தினமும் சாயந்திரம் அவர் வீட்டுக்குப் போனேன். கட்சி வரலாற்றை ஆரம்பத்திலிருந்து எடுத்தேன். பத்மாவதி பூக்கட்டிக்கொண்டே கேட்பார். நடுநடுவே சம்பந்தமில்லாமல் ஏதாவது கேட்பார். "கவுன்சிலர் சீட்ல யாருக்கா உக்காரணும்?" "ஜெயிச்சவங்கதான்." "அவங்க வூட்டுக்காரரு?" "உக்காரக் கூடாது, ஆனா எல்லா ஊர்லயும் உக்காந்துக்கினு கீறாங்க." "யாரும் எழுப்பறதில்லியா?" இந்த அம்மாவுக்கு ஒன்றுமே புரியவில்லை, இவரை வைத்துக்கொண்டு கட்சி என்ன செய்யப்போகிறது என்று வீட்டுக்கு வந்து தேவராஜிடம் புலம்புவேன்.

பத்மாவதி ஜெயித்துவிட்டார். ஒன்றிய அலுவலகத்தில் முதல் கூட்டம், பார்வையாளர் பெஞ்சில் நான். ஒன்றியம் மனைவியோடு உள்ளே வந்தார். சுவரோரம் இருந்த நாற்காலியை எடுத்து மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். பத்மாவதி உட்காரவில்லை. நின்றுகொண்டே, வீட்டில் சாப்பிடக் கூப்பிடும் அதே குரலில் சொன்னார்: "ஏங்க, இங்க ஜெயிச்சவங்க மட்டும்தான் உக்காரணுமாம். எஸ்தரக்கா பக்கத்துல எடம் காலியா கீது பாருங்க." அதிகாரிகள் சீலிங் ஃபேனை ஆராய ஆரம்பித்தார்கள். ஒன்றியம் சிரிப்பதுபோல் வாயை வைத்துக்கொண்டார். எழுந்தார். நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம்தான் பத்மாவதி உட்கார்ந்தார். கம்பெனி பஸ்ஸுக்காக விடியற்காலையில் ஹைவே ஓரத்தில் நிற்கும் பெண்களைப் பற்றிப் பேசினார். மழைக்கு ஒதுங்க இடமில்லை, அவசரத்துக்கு ஒரு கழிப்பறை இல்லை, கர்ப்பிணிகள் லாரிக்கு நடுவே ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கப் புதருக்குப் போகிறார்கள் என்றார். கட்சி வரலாறு ஒரு வரிகூட வரவில்லை. தீர்மானம் நிறைவேறியது. ஆறேழு மாதம் அலைந்து கழிப்பறையும் நிழற்குடையும் கட்டவைத்தார், இப்போது நானே அதில்தான் ஒதுங்கி நிற்கிறேன். அன்று பெஞ்சில் ஒன்றியம் என் பக்கம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "எல்லாம் நீ கத்துக் குடுத்ததா?" என்றார். நான் கற்றுக்கொடுத்ததில் ஒன்றுகூட அதில் இல்லை. ஆனாலும், "ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டேன், கிடைத்த பெருமையை ஏன் விட வேண்டும்?

கூட்டம் முடிந்து வெளியே வந்தோம். ஒன்றியம் யாரிடமும் பேசாமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் வீட்டில் இன்று என்ன நடக்குமோ என்று எனக்குக் கவலை. பத்மாவதியின் கையைப் பிடித்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது, இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அத்தனை தைரியமும் நடுங்கிக்கொண்டேதான் வந்திருக்கிறது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த தபா நீங்க நில்லுங்கக்கா. எங்க வூட்டுக்காரரை நான் புடிச்சிக்கினு இருக்கேன்."

மொத்தத்தில், இத்தனை வருஷ அரசியலில் நான் முன்னுக்கு வந்தேனோ இல்லையோ முன்வரிசைக்கு வந்துவிட்டேன், அங்கே நாற்காலி போட இன்னமும் ஆள் தேவைப்படுவதால்.